சிறு ரவைத் துப்பாக்கியும் தோட்டத்து எலியும்



கோலா கெடாவில் ஆற்று முகத்தருகே ஒரு பழைய கோட்டை இருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அங்கே கிடக்கும் பீரங்கிகளைப் பார்க்கும் சிறுவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "இதிலிருந்து குண்டு எவ்வளவு தூரம் போகும்?" என்பதுதான். பெரிய குழலைக் கண்டதும் தூரத்தைப் பற்றி நினைக்கிறோம். விரல் நுனியளவு உள்ள ஒரு சிறு ரவையைக் கண்டால் மட்டும் அந்தக் கேள்வி யாருக்கும் தோன்றுவதில்லை. இன்று அந்தச் சிறு ரவையைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறேன்.

இந்தப் பேச்சுக்குக் காரணமாக இருந்தவர் சுங்கை பட்டாணி பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் வேலை செய்யும் ஓர் இளைஞர். ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது, கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். ஆஸ்திரேலியாவில் ஒரு பண்ணையில் வேலை பார்க்கும் அவருடைய உறவினர் அனுப்பியது. பண்ணைக்காரர் புதிதாக வாங்கிய சிறு துப்பாக்கியை மேசைமேல் மணல் மூட்டையில் சாய்த்து வைத்துச் சுட்டுப் பார்க்கிறார். பிறகு தூரத்தில் ஒரு முயல் விழுகிறது. அதிர்ச்சி இல்லை, பெரிய சத்தமும் இல்லை.

"பார்த்தீங்களா, ஐயா? விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கு. நம்ம தோட்டத்துல எலி குலையை அரிக்குது. அணில், பன்றி எல்லாம் தொல்லை. இது ஒண்ணு இருந்தா போதாதா?" என்று கேட்டார்.

பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அவருடைய தாயார் நிமிர்ந்து பார்த்து, "துப்பாக்கிப் பேச்சு நம்ம வீட்டுக்கு வேணாம்பா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மகனுடைய கேள்வியும் நியாயமானது, தாயின் பயமும் நியாயமானது. இரண்டுக்கும் அந்த இடத்தில் என்னால் முழுதாகப் பதில் சொல்ல முடியவில்லை. மேளச் சத்தம் வேறு. ஆகவே இப்பொழுது சொல்கிறேன்.

முதலில், அந்தத் துப்பாக்கி எத்தகையது என்று பார்ப்போம். துப்பாக்கித் தோட்டா என்பது ஒரு பித்தளைக் குப்பி. அதன் வாயில் ஈய ரவை செருகப்பட்டிருக்கும். வயிற்றில் வெடிமருந்து இருக்கும். அடியில், தட்டினால் பற்றிக்கொள்ளும் மருந்து சிறிதளவு இருக்கும். பெரிய துப்பாக்கிகளின் தோட்டாவில் அந்தப் பற்றும் மருந்து அடியின் நடுவில் தனி மூடிக்குள் இருக்கிறது. சிறு துப்பாக்கியின் தோட்டாவில் அப்படியில்லை. குப்பியின் அடிவிளிம்பை மடித்து, அந்த மடிப்புக்குள்ளேயே மருந்தை வைத்துவிடுகிறார்கள். விசையை இழுத்ததும் ஊசி விளிம்பைத் தட்டும். விளிம்பு நசுங்கி மருந்து பற்றும். இதனால்தான் இதற்கு 'ரிம்பயர்' என்று பெயர் வந்தது. ரிம் என்றால் விளிம்பு.

விளிம்பு நசுங்க வேண்டுமானால் பித்தளை மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய பித்தளை அதிக அழுத்தத்தைத் தாங்காது. ஆகவே இன்று இந்த வகைத் தோட்டாக்கள் சிறியவையாகவே இருக்கின்றன. செய்வதும் எளிது, விலையும் குறைவு. ஒரு முறை சுட்ட குப்பி நசுங்கிவிடுவதால் அதை மறுபடி நிரப்பிப் பயன்படுத்த முடியாது, எறிந்துவிட வேண்டியதுதான்.

பாரிஸ் நகரத்தில் ஃப்ளோபேர் என்பவர் 1845-ஆம் ஆண்டு வாக்கில் இத்தகைய சிறு தோட்டாவைச் செய்தார். பணக்காரர் வீடுகளில் விருந்தினர் கூடத்திலேயே குறி பார்த்துச் சுட்டு விளையாடுவதற்காக அது பயன்பட்டதாம்! 1857-இல் அமெரிக்காவில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் .22 என்ற அளவில் ஒரு தோட்டாவை வெளியிட்டது. ஓர் அங்குலத்தை நூறாகப் பிரித்தால் அதில் 22 பங்கு ரவையின் குறுக்களவு, அதாவது ஏறக்குறைய ஐந்தரை மில்லிமீட்டர். 1887-இல் ஸ்டீவன்ஸ் நிறுவனம் அதைச் சற்று நீட்டி, '.22 லாங் ரைபிள்' என்ற வடிவத்தைக் கொண்டுவந்தது. இன்று உலகில் மிக அதிகமாகச் சுடப்படும் தோட்டாக்களில் அதுவும் ஒன்று. முழுத் தோட்டாவும் ஓர் அங்குல நீளம்தான். ரவையின் எடை வழக்கமாக இரண்டரை கிராமுக்குச் சற்று மேல்.

நம் இளைஞர் காட்டிய படத்தில் இருந்தது இதைவிடவும் சிறியது, புதியது. 2002-இல் அமெரிக்காவின் ஹார்னடி நிறுவனம் .17 என்ற அளவில் ஒரு ரிம்பயர் தோட்டாவை வெளியிட்டது. 1959-இல் வந்த '.22 மேக்னம்' தோட்டாவின் கழுத்தைச் சுருக்கி, அதில் இன்னும் மெல்லிய ரவையைச் செருகினார்கள். அந்த ரவை ஒரு கிராமுக்குச் சற்றுக் கூடுதல் எடைதான். நுனியில் பிளாஸ்டிக் வைத்தது. குழலை விட்டு வெளியே வரும்போது விநாடிக்கு ஏறக்குறைய 2,550 அடி வேகம். பழைய .22-இன் வேகம் விநாடிக்கு 1,250 அடியளவு. ஒலியின் வேகமே விநாடிக்கு 1,100 அடிக்குச் சற்று மேல்தான் என்பதை எண்ணிப் பாருங்கள்.

வேகம் கூடினால் என்ன பயன்? ரவை வழியில் கீழே இறங்குவது குறையும். .22 துப்பாக்கியை 50 கஜத்துக்குக் குறி அமைத்துவிட்டு 100 கஜத்தில் சுட்டால், ரவை ஏறக்குறைய அரை அடி கீழே விழும். .17-ஐ 100 கஜத்துக்குக் குறி அமைத்தால், 150 கஜத்தில்கூட இரண்டரை அங்குலம் போலத்தான் இறங்கும். முயல் போன்ற சிறு பிராணியைத் தூரத்திலிருந்து சுடுகிறவர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் ரவை இலேசானது. மணிக்குப் பத்து மைல் வேகத்தில் பக்கக் காற்று அடித்தால், 100 கஜத்துக்குள் மூன்று அங்குலத்துக்கு மேல் ஒதுங்கிவிடும். காற்றைப் படிக்கத் தெரியாதவருக்கு வேகத்தால் கிடைத்த லாபம் காற்றோடு போய்விடும்.

புதுத் துப்பாக்கியைச் சோதித்துப் பார்ப்பது என்பது ஒரு நாள் வேலை. படத்தில் அது அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது; நடப்பில் அப்படி முடியாது. முதலில் தோட்டா எதுவும் உள்ளே இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். தொழிற்சாலையில் குழலுக்குள் பூசிய எண்ணெயைத் துடைக்க வேண்டும். குழலின் ஒரு முனையில் வெளிச்சம் காட்டி மறு முனையில் பார்த்தால் வட்டம் தெளிவாகத் தெரிய வேண்டும். கட்டையையும் குழலையும் இணைக்கும் திருகுகள் இறுகியிருக்கின்றனவா, தொலைநோக்கி ஆடாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திருகு ஒன்று தளர்ந்திருந்தால் நாள் முழுவதும் சுட்டாலும் ஒரே இடத்தில் விழாது. துப்பாக்கியைக் குறை சொல்லிக்கொண்டே பலர் வீடு திரும்புவது இதனால்தான்.

பிறகு மேசைமேல் மணல் மூட்டை. 25 கஜத்தில் ஒரு தாள். ஐந்து ரவை சுட வேண்டும். அந்த ஐந்தும் தாளின் நடுவில் விழுந்தனவா என்பது பிறகு பார்க்க வேண்டிய விஷயம். ஐந்தும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக விழுந்தனவா என்பதே முதல் கேள்வி. நெருக்கமாக விழுந்தால் துப்பாக்கி சரி. தொலைநோக்கியின் திருகைத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம். சிதறி விழுந்தால் வேறு நிறுவனத்துத் தோட்டாவைப் போட்டுப் பார்க்க வேண்டும். ரிம்பயர் துப்பாக்கிகளில் இது ஒரு வேடிக்கை. ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்த இரண்டு துப்பாக்கிகளில் ஒன்றுக்குப் பிடித்த தோட்டா மற்றதற்குப் பிடிக்காது. ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 கஜம் சரியான பிறகே 50-க்கும் 100-க்கும் போக வேண்டும்.

இதில் இரண்டு ஆபத்துகள் உண்டு. விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால், உடனே திறந்து பார்க்கக் கூடாது. மருந்து தாமதமாகப் பற்றலாம். குழலைக் குறித்திசையிலேயே பிடித்தபடி அரை நிமிடமாவது காத்திருக்க வேண்டும். மற்றொன்று, வழக்கமான சத்தம் வராமல் 'பொத்' என்று மெலிந்த ஓசை வந்து, தாளிலும் ஓட்டை விழவில்லை என்றால், அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ரவை குழலுக்குள் சிக்கியிருக்கக்கூடும். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் வெடிக்கும். புதுமை என்றால் குறையே இருக்காது என்றும் நினைக்க வேண்டாம். தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் .17 துப்பாக்கிகளில் குப்பி முழுதாக மூடப்படாமலே வெடிக்கும் ஆபத்து தெரியவந்து, 2009-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய நிறுவனம் தன் துப்பாக்கிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இவ்வளவும் சுடுகிறவருக்கு. இனி சுடாதவருக்கு வருவோம். அதாவது உங்களுக்கும் எனக்கும்.

.22 தோட்டாப் பெட்டிகளில் ஓர் எச்சரிக்கை அச்சடிக்கப்படுவது உண்டு: இந்த ரவை ஒன்றரை மைல் வரை போகும், கவனம் என்று. ஒன்றரை மைல் என்றால் ஏறக்குறைய 2,400 மீட்டர். செம்பனையை நாம் ஒன்பது மீட்டர் இடைவெளியில் நடுகிறோம். ஒரே நேர் வரிசையில் எண்ணிக்கொண்டே போனால் 260 மரங்களுக்கு அப்பால்! அங்கே என்ன இருக்கிறது? பழம் பொறுக்கும் பெண்கள் இருக்கலாம். லயம் இருக்கலாம். ஆயாக் கொட்டகை இருக்கலாம். பள்ளிக்கூட பஸ் வரும் செம்மண் சாலை இருக்கலாம். அந்தத் தூரத்தில் ரவையின் வேகம் தளர்ந்திருக்கும் என்பது உண்மை. தளர்ந்த ரவையும் கண்ணைக் குருடாக்கப் போதும். அதற்கு முன்னால் உள்ள தூரங்களில் உயிரையும் வாங்கும்.

ஆஸ்திரேலியப் படத்தில் அந்தப் பண்ணைக்காரருக்குப் பின்னால் என்ன தெரிந்தது என்று இளைஞரைத் திரும்பப் பார்க்கச் சொன்னேன். முயலுக்குப் பின்னால் ஒரு மண்மேடு. தவறினாலும் ரவை மண்ணில் புதையும். நம் தோட்டத்திலோ அணில் இருப்பது மரத்தின் மேல். அதைச் சுட வேண்டுமானால் குழலை வானத்தை நோக்கித் தூக்க வேண்டும். வானத்துக்குப் பின்னால் மண்மேடு கிடையாது. இந்த ஒரு காரணத்துக்காகவே, தோட்டத்தில் அணிலைச் சிறு ரவைத் துப்பாக்கியால் சுடுவது மிகக் கெட்ட யோசனை என்பேன்.

.22-இன் ஈய ரவை கல்லிலோ கால்வாய்த் தண்ணீரிலோ சாய்வாகப் பட்டால் துள்ளி வேறு திசையில் போகும். .17-இன் மெல்லிய ரவை பட்டவுடன் சிதறும்படி செய்யப்பட்டது. ஆகவே துள்ளுவது குறைவு. குறைவுதான், இல்லை என்று சொல்வதற்கில்லை.

நம் தோட்டங்களில் உரிமத்தோடு இருக்கும் துப்பாக்கி வழக்கமாக வேறு வகை. 'செனாப்பாங் பாத்தா' என்று மலாயில் சொல்கிறார்களே, நடுவில் மடித்துத் தோட்டா போடும் சன்னத் துப்பாக்கி, அதுதான். அதிலிருந்து ஒரே ரவைக்குப் பதிலாகப் பல சன்னங்கள் பரவிச் செல்லும். சிறு சன்னங்கள் வெகு விரைவில் வேகமிழந்து விழுந்துவிடும். வீடுகளும் ஆட்களும் உள்ள இடத்துக்கு இந்த வித்தியாசம் முக்கியமானது. ஆனால் காட்டுப்பன்றிக்குப் போடும் பெரிய சன்னம் அப்படி விரைவில் ஓய்ந்துவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள். காட்டுப்பன்றியைச் சிறு ரவையால் சுடுவது இன்னும் பேதைமை. அது சாகாது, காயப்பட்டு ஓடும். காயப்பட்ட பன்றி மறுநாள் காலையில் பால் வெட்டப் போகிறவர் முன்னால் வந்து நின்றால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

சரி, எலிக்காவது உதவுமா? கோலா கெடாவைச் சுற்றிய மூடா நெல்வெளியில் எலித் தொல்லையை அறியாத விவசாயி இல்லை. செம்பனையில் எலி பழத்தையும் தின்னும், பூவையும் கெடுக்கும். கவனிக்காமல் விட்டால் எண்ணெயில் நூற்றுக்கு ஐந்து பங்கு வரை நட்டம் என்று ஆராய்ச்சியாளர் சொல்லியிருக்கிறார்கள். ஒரு ஹெக்டரில் நூற்றுக்கணக்கான எலிகள் இருக்கக்கூடும். அவை நடமாடுவது இரவில். ஒரு ரவைக்கு ஓர் எலி என்று இருட்டில் விளக்கடித்துச் சுட்டுக்கொண்டிருந்தால், நாம் ஒரு ஹெக்டரை முடிப்பதற்குள் பக்கத்து ஹெக்டரில் புதுக் குட்டிகள் பிறந்திருக்கும்.

ஆஸ்திரேலியாவின் கதையும் இதைத்தான் காட்டுகிறது. 1859-இல் விக்டோரியா மாநிலத்தில் வேட்டை விளையாட்டுக்காக ஒருவர் சில முயல்களை அவிழ்த்துவிட்டார். அவை கோடிக்கணக்கில் பெருகி மேய்ச்சல் நிலத்தையெல்லாம் தின்றன. துப்பாக்கி, பொறி, வேலி எல்லாம் முயன்றார்கள். 1950-இல் ஒரு நோய்க் கிருமியைப் பரப்பிய பிறகுதான் முயல் கூட்டம் கணிசமாகக் குறைந்தது. இன்று அந்தப் பண்ணைக்காரர் சுடுவது மிச்சத்தை.

இனி அந்தத் தாயாரின் பேச்சுக்கு வருகிறேன். "துப்பாக்கிப் பேச்சு நம்ம வீட்டுக்கு வேணாம்" என்று அவர் சொன்னதில் வெறும் பெண்பிள்ளைப் பயம் இருப்பதாக மகன் நினைத்தார். அதற்குப் பின்னால் ஒரு தலைமுறையின் நினைவு இருக்கிறது.

1948 ஜூன் மாதத்தில் பேராக்கில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று தோட்டத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மலாயா முழுவதும் அவசரகாலம் பிறந்தது. 1960 ஜூலை 31 வரை அது நீடித்தது. அந்தக் காலத்தில் தோட்டத்து வாசலில் துப்பாக்கியோடு காவலர் நின்றார்கள். முள்வேலிக்குள் மக்கள் வாழ்ந்தார்கள். அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. தமிழ்நாட்டிலிருந்து வந்தவரும், அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவருமான எஸ். ஏ. கணபதி, கைத்துப்பாக்கி வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, 1949 மே 4-ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்தியாவிலிருந்து வந்த கருணை வேண்டுகோள்களும் அவரைக் காப்பாற்றவில்லை. அன்றிலிருந்து தோட்டத்துத் தாய்மார்களுக்குத் துப்பாக்கி என்ற சொல்லே ஆகாது.

அவசரகாலம் போய்விட்டது, சட்டத்தின் கண்டிப்பு போகவில்லை. 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி ஒவ்வொரு துப்பாக்கிக்கும் போலீஸ் உரிமம் வேண்டும். காற்றுத் துப்பாக்கியும் இதில் அடக்கம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 1971-ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டத்தின்படி, சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறையும், ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு. கொள்ளை, ஆள் கடத்தல் போன்ற குற்றங்களின்போது சுட்டால் முன்பு கட்டாய மரண தண்டனை இருந்தது. 2023-இல் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டு, மரணமா நீண்ட சிறையா என்பதை நீதிபதி முடிவு செய்யலாம் என்று ஆக்கப்பட்டது.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். உரிமம் என்பது இன்ன ஆளுக்கு, இன்ன துப்பாக்கிக்கு என்று கொடுக்கப்படுவது. "கம்பத்துல நமக்குத் தெரிஞ்சவர் உரிமம் வச்சிருக்காரு, ஒரு ராத்திரிக்கு வாங்கிட்டு வரேன்" என்று போகிற பிள்ளை, அந்த ஒரு இரவுக்கு உரிமமில்லாத துப்பாக்கி வைத்திருப்பவன் ஆகிறான். கொடுத்தவரும் மாட்டிக்கொள்வார். தண்ணீர்க் குழாயும் ஆணியும் வைத்துப் பட்டறையில் செய்துகொள்வதும் துப்பாக்கிதான். அதில் சட்டத்தோடு இன்னோர் ஆபத்தும் சேருகிறது. அந்தக் குழாய் தோட்டாவின் அழுத்தத்தைத் தாங்கச் செய்யப்பட்டதல்ல. அது பின்பக்கம் வெடித்தால், சுடுகிறவர் முகம் அங்கேதான் இருக்கிறது. துப்பாக்கி மட்டும் போதாது, பிராணிக்கும் சட்டம் உண்டு. 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அடங்கிய விலங்குகளை வேட்டையாட வனவிலங்குத் துறையின் உரிமம் தனியாக வேண்டும். காட்டுப்பன்றியும் அந்தப் பட்டியலில் உள்ளது.

குறி பார்த்துச் சுடும் ஆசையே தவறு என்று நான் சொல்லவில்லை. ஒலிம்பிக் போட்டியில் 50 மீட்டர் ரைபிள் பந்தயம் இதே .22 தோட்டாவால்தான் நடக்கிறது. பத்து மதிப்பெண் தரும் நடுவட்டம் 10.4 மில்லிமீட்டர் அகலம்தான். நம் ஐந்து காசு நாணயத்தைவிடச் சிறியது. சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் காற்றுத் துப்பாக்கியில் வெண்கலம் வென்றார். அதே ஒலிம்பிக்கில் நம் நாட்டு நூர் சூரியானி எட்டு மாதக் கர்ப்பிணியாக நின்று சுட்டதை உலகமே பார்த்தது. அந்த ஆசை உள்ள பிள்ளை, நாட்டின் சுடுதல் சங்கத்தோடு இணைந்த மன்றங்களில் முறைப்படி சேரலாம். அங்கே மண்மேடும் இருக்கும், மேற்பார்வையும் இருக்கும்.

தாய்மார்களுக்கு வேண்டிய ஒன்றைத் தனியாகச் சொல்கிறேன். வேட்டைக்காரர் போன வழியில், கால்வாய் ஓரத்தில், எப்பொழுதாவது சுடப்படாத தோட்டா கிடக்கும். பித்தளைப் பளபளப்பைக் கண்டு பிள்ளைகள் எடுத்துவந்துவிடுவார்கள். ரிம்பயர் தோட்டாவில் பற்றும் மருந்து விளிம்பைச் சுற்றி இருக்கிறது என்று முன்பே சொன்னேன் அல்லவா? கல்லில் வைத்துச் சுத்தியலால் தட்டினால் எந்தப் பக்கம் தட்டினாலும் வெடிக்கக்கூடும். குழலுக்குள் இல்லாதபோது ரவை அதிகத் தூரம் போகாது. கிழிந்த பித்தளைத் துண்டு பறந்து கண்ணில் ஏறும். அடுப்பில் போட்டாலும் இதே கதைதான். ஆகவே கிடந்தால் தொடாமல், இடத்தை அடையாளம் வைத்து, தோட்ட அலுவலகத்துக்கோ போலீசுக்கோ சொல்லச் சொல்லுங்கள். வீட்டில் எடுத்து வைத்துக்கொள்வதும் கூடாது. தோட்டாவுக்கும் உரிமம் தேவை.

வேட்டை இறைச்சி வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஈய ரவையும் ஈயச் சன்னமும் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத தூள்களாகச் சிதறும். காயம்பட்ட இடத்தைச் சுற்றியுள்ள சதையைத் தாராளமாக வெட்டி எறியுங்கள். ஈயம் வளரும் குழந்தையின் மூளைக்கு ஆகாதது, கர்ப்பிணிக்கும் ஆகாது.

அப்படியானால் எலியை என்ன செய்வது? அந்த இளைஞருக்கு நான் கடைசியாகச் சொன்னது இதுதான். உங்கள் தோட்டத்தில் கம்பத்தின்மேல் மரப்பெட்டிகள் நிற்கின்றனவே, பார்த்ததுண்டா? வெள்ளை முகத்து ஆந்தைக்கு அமைத்த கூடு அது. கூகை என்று நம் ஊரில் சொல்கிற பறவை. அந்த இரவுப் பறவை முன்பு தீபகற்பத்தில் அரிது. செம்பனை பரவி எலி பெருகிய பிறகு, 1960-களின் பிற்பகுதியிலிருந்து இங்கே குடியேறிப் பெருகியது. 1980-களில் பல தோட்டங்கள் ஐந்து முதல் பத்து ஹெக்டருக்கு ஒரு பெட்டி என்று வைக்கத் தொடங்கின. மூடா நெல்வெளியிலும் பெட்டிகள் நிற்கின்றன. ஓர் இணையும் அதன் குஞ்சுகளும் ஓராண்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட எலிகளைத் தின்னும். உரிமம் வேண்டாம், தோட்டா வேண்டாம், இருட்டில் குறியும் தவறாது.

நம்மவர்கள் ஆந்தை அலறினால் சாவு வரும் என்று கல்லெறிகிறார்கள். சட்டம் காக்கும் பறவை அது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். லயத்து அரிசிப் பானைக்குக் காவல் இருக்கும் பறவையை நாமே விரட்டுகிறோமே! அதற்கு இன்னோர் எதிரியும் உண்டு. புதிய வகைக் கடும் எலி மருந்துகளைத் தின்ற எலியை ஆந்தை தின்றால் ஆந்தையும் சாகும். மலேசியத் தோட்டங்களிலேயே இப்படி ஆந்தைகள் குறைந்தது பதிவாகியிருக்கிறது. ஆகவே பெட்டி வைத்த இடத்தில் என்ன மருந்து போடுகிறார்கள் என்று மண்டோரிடம் கேட்பதில் தவறில்லை. வீட்டுக்குள் வரும் எலிக்கு மருந்தைவிடப் பழைய அடிப்பொறியே நல்லது. செத்த எலியை வெறுங்கையால் தொடாதீர்கள். எலியின் சிறுநீரால் வரும் காய்ச்சல் ஆளையே கொல்லக்கூடியது. கால்வாயில் இறங்கி வேலை செய்கிறவருக்குக் காலில் புண் இருந்தால் கட்டிக்கொண்டு, பூட்ஸ் போட்டு இறங்கச் சொல்லுங்கள். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் சேர்ந்து வந்தால், தோட்டத்து எலியைப் பற்றியும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஆந்தை எலியை விழுங்கிவிட்டு, செரிக்காத எலும்பையும் மயிரையும் ஓர் உருண்டையாகக் கக்கிவிடும். பெட்டியின் அடியில் கறுப்பாக, கட்டைவிரல் அளவில் கிடக்கும். கையுறை போட்டு எடுத்து, சோப்பு கலந்த வெந்நீரில் ஊறவைத்துக் குச்சியால் பிரித்தால் மண்டையோடுகள் வரும். ஒரு மண்டையோடு ஓர் எலி. எண்ணிவிடலாம்.

சென்ற மாதம் அந்த இளைஞர் ஒரு படம் அனுப்பியிருந்தார். பழைய செய்தித்தாளின்மேல் சிறு எலும்புகளை வரிசையாகப் பரப்பி, பக்கத்தில் பத்துக் காசு ஒன்றை அளவுக்காக வைத்திருந்தார். "ஒரே உருண்டையில மூணு மண்டை, ஐயா. அம்மா இதை வாசல்ல வச்சுத்தான் பிரிக்கணும்னு சொல்லிட்டாங்க" என்று எழுதியிருந்தார்.